நாவெழுத்து: நந்துகளின் மேய்தடங்களும் கல்லின் நினைவும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்கின்றது என்பதை அன்பர்கள் நன்கறிவர். தொடுவுணர்வு மட்டும் உடையவை ஓரறிவுயிர். அதனோடு நாவின் சுவையுணர்வும் கூடியவை ஈரறிவுயிர். இவ்வீரறிவுயிருக்குத் தொல்காப்பியர் எடுத்துக்காட்டாகச் சுட்டுபவை நந்தும் முரளும் ஆகும். நந்து என்பதனுள் சங்கு, நத்தை முதலியவற்றையும் அடக்கிப் பொருள் கொள்வார் உரையாசிரியராகிய பேராசிரியர். நத்தைக்கு ஒளியுணரும் கண்ணும் மணமறியும் உணர்கொம்பும் உண்டென இன்றைய விலங்கியல் கூறும். ஆயினும் மெய்யால் ஊர்ந்து நாவால் வாழும் உயிர் என்று அதனை அடையாளங்கண்ட பழம்பார்வை நம் கருத்தில் நிற்கத்தக்கது. ஏனெனில் நத்தை தான் வாழ்ந்த இடத்தில் பெரும்பாலும் விட்டுச்செல்பவை இரண்டு தடங்கள்: மெய் ஊர்ந்த தடம் ஒன்று; நா மேய்ந்த தடம் மற்றொன்று. இக்கட்டுரை பின்னதன் வரலாற்றைப் பேசுகிறது.

ஆழமில்லாத ஆறொன்றில் நீர் தெளிந்து ஓடும் காலத்தில் பாறைகளை உற்று நோக்கினால், பழுப்பும் பச்சையுமாய்ப் படர்ந்த பாசிப்படலத்தின்மேல் வளைந்து வளைந்து செல்லும் வெளிர்நிறக் கோடுகளைக் காணலாம். ஆற்று நத்தை முன்னோக்கி நகரும்போதே தலையை இடமும் வலமும் அசைத்துப் பாசியைச் சுரண்டியுண்பதால் அக்கோடுகள் பின்னல் வேலைப்பாடுபோல் அமைகின்றன. ஐரோப்பிய ஓடைகளில் கூம்பு வடிவ ஓட்டுடன் கல்லை இறுகப் பற்றி வாழும் ஆன்சைலஸ், ரைன், டான்யூப் முதலிய ஆறுகளில் வாழும் தியோடாக்சஸ், வட அமெரிக்காவின் தென்கிழக்கு ஓடைகளில் திரளாகக் காணப்படும் எலிமியா ஆகிய நத்தையினங்கள் அனைத்தும் இத்தொழிலையே செய்கின்றன. இத்தடங்கள் கல்லாகி நிலைக்குமா? பல கோடி ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அவற்றைப் படிக்க இயலுமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், வரலாறு என்பது எப்படி எஞ்சுகிறது என்ற பெரிய வினாவினுள் சென்று சேர்கிறோம்.

நாவில் ஓர் அரம்

நத்தைக்குப் பல்லுண்டு என்பதை அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் குறித்திருக்கிறார். கூரிய, சிறிய, மெல்லிய பற்கள் என்பது அவர் தரும் விவரிப்பு. அப்பற்கள் தாடையில் இல்லை, நாக்கின்மேல் இருக்கின்றன. நாடாவைப் போன்ற ஒரு சவ்வின்மேல் வரிசை வரிசையாய், இனத்துக்கேற்பச் சில பத்து முதல் பல ஆயிரம் வரை அமைந்த அவ்வுறுப்புக்கு ராடுலா என்று பெயர். சுரண்டும் கருவி என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். தமிழில் அரநா எனலாம். முன்வரிசைப் பற்கள் தேயத் தேயப் பின்னிருந்து புதிய வரிசைகள் வளர்ந்து முன்னேறுகின்றன. கொல்லன் பட்டறையில் அரம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். நத்தையின் அரம் தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது.

இப்பற்களின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுவதால், அதையே அடிப்படையாகக் கொண்டு நத்தைகளை வகைப்படுத்த முயன்றவர் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஹெர்மான் டிரோஷல். 1856இல் வெளிவரத் தொடங்கிய அவரது பெருநூல், அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1893இல்தான் நிறைவுற்றது. பின்னர் 1962இல் ஹைன்ஸ் லோவென்ஸ்டாம் என்ற அறிஞர், கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வாழும் லிம்ப்பெட் என்னும் கூம்போட்டு நத்தைகளின் பற்களில் கோதைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதை வெளிப்படுத்தினார். சிலந்தியிழையினும் வலிமை மிக்கது இப்பல்லின் பொருள் என்று 2015இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து கூறினர்.

இரும்பு எழுத்தாணி கொண்டு ஓலையில் கீறி எழுதிய மரபில் வந்த நமக்கு இச்செய்தி உடனே ஓர் உவமையைத் தருகிறது. லிம்ப்பெட் இரும்பு எழுத்தாணி ஏந்திய உயிர். ஆற்று நத்தைகளின் பற்களோ பெரும்பாலும் கைட்டின் என்னும் பொருளால் ஆனவை. நண்டின் ஓட்டிலும் வண்டின் இறக்கை மூடியிலும் உள்ள பொருள் அது. பாசியைச் சுரண்ட அது போதும். கருங்கல்லைக் கீறப் போதாது. ஆகவே ஆற்றுப்பாறைமேல் நாம் காணும் கோடுகள் பெரும்பாலும் கல்லில் பொறித்தவை அல்ல. கல்லின்மேல் படிந்த மெல்லிய படலத்தில் பொறித்தவை. கல்வெட்டுக்கும் மணலில் விரலால் எழுதியதற்கும் உள்ள வேறுபாடு இது.

பாசியா, தடமா?

தடங்களைத் தடங்களென அறிந்துகொள்ளவே அறிவுலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாறைகளில் தென்பட்ட கிளைத்த, வளைந்த கோடுகள் பலவற்றைக் கடற்பாசிகளின் எச்சங்கள் என்றே அறிஞர் கருதினர். தொல்தாவரவியலின் முன்னோடியான பிரெஞ்சு அறிஞர் அதோல்ஃப் பிரோன்யார் அவற்றைப் பாசிகளாகவே வகைப்படுத்திப் பெயரிட்டார். சுவீடன் நாட்டு ஆல்ஃப்ரெட் நாத்தோர்ஸ்ட் இதை ஐயுற்றார். ஈரமான மென்பரப்புகளின்மேல் உயிருள்ள சிறு விலங்குகளை ஊரவிட்டு, அவை விட்டுச்சென்ற தடங்களைப் பாறைக்கோடுகளோடு ஒப்பிட்டார். பாசி எனப்பட்டவற்றுள் பல, புழுவும் நண்டினமும் பிறவும் ஊர்ந்த தடங்களே என்று 1881இல் விரிவாக நிறுவினார். காஸ்தோன் த சப்போர்த்தா முதலிய தாவரவியல் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் காலம் நாத்தோர்ஸ்ட்டின் பக்கமே நின்றது.

இவ்வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. உண்ணப்பட்ட பாசியும் உண்ட விலங்கின் தடமும் ஒன்றுக்கொன்று மயங்கி நின்றன. ஒன்று தாவரத்தின் உடல். மற்றொன்று விலங்கின் செயல். உடலைத் தேடிய கண்ணுக்குச் செயல் தென்படவில்லை.

20ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி இத்துறையின் தாயகமாயிற்று. ருடால்ஃப் ரிக்டர் 1928இல் வட கடற்கரையின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரில் ஓர் ஆய்வுநிலையத்தைத் தொடங்கி, இன்றைய கடற்சேற்றில் உயிர்கள் செய்வதைப் பார்த்துப் பழம்பாறைகளைப் படிக்கும் முறையை வளர்த்தார். வளைந்து வளைந்து செல்லும் மேய்தடங்களைச் சில எளிய விதிகளால் விளக்க முடியும் என்று காட்டியவரும் அவரே: ஒருமுறை மேய்ந்த இடத்தில் மீண்டும் மேயாதே; முந்தைய தடத்தை விட்டு நெடுந்தொலைவு விலகாதே; குறித்த தொலைவு சென்றபின் திரும்பு. நிலத்தை உழும் எருதுகளின் சால் அமைவதும் ஏறத்தாழ இவ்விதிகளின்படியே அன்றோ! 1969இல் டேவிட் ராப்பும் அடால்ஃப் சைலாக்கரும் இவ்விதிகளைக் கணிப்பொறிக்குத் தந்து, பாறைகளில் காணப்படும் கோலங்களை ஒத்தவற்றை வரையச் செய்தனர்.

அந்தச் சைலாக்கரே 1953இல் தடங்களைச் செய்த விலங்கின் பெயரால் வகுக்காமல், அவ்விலங்கு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதால் வகுத்தவர். உறைவிடத் தடம், ஓய்வுத் தடம், ஊர்வுத் தடம், அகழ்ந்துண்ட தடம், மேய்தடம் என அவ்வகைகள் அமைந்தன. பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லால் உலகைப் பகுத்த இம்முறை, இலக்கணம் பயின்றோர்க்கு மிகவும் உவப்பானது. யார் என்பது தெரியாவிடினும் மேய்ந்தது என்பது தெரிந்தால் போதும். வரலாற்றில் ஒரு வரி எழுதிவிடலாம்.

எதிர்பாராதது என்னும் பெயர்

நத்தையின் நாவெழுத்துக்குப் புதைபடிவ உலகில் முறையான பெயர் கிடைத்தது 1977இல்தான். ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஏர்ஹார்ட் ஃபோக்ட், கிரெட்டேசியக் காலத்தின் இறுதிக்கட்டத்தைச் சேர்ந்த ஓடுகளின்மேல் அருகருகே இணைந்து செல்லும் நுண்கீறல் தொகுதிகளைக் கண்டார். இக்கால நத்தைகள் ஓடுகளின்மேல் விடும் கீறல்களோடு அவற்றை ஒப்பிட்டு, அவை அரநாவின் தடங்களே என்று நிறுவி, ரடுலிக்னஸ் இனோப்பினேட்டஸ் எனப் பெயரிட்டார். இனோப்பினேட்டஸ் என்றால் எதிர்பாராதது என்று பொருள். மில்லிமீட்டரினும் சிறிய கீறல்கள் ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகள் அழியாமல் நிற்கும் என்று யார் எதிர்பார்த்திருக்க முடியும்? இதற்கு இரண்டாண்டுகள் முன்னர்தான் கடல் முள்ளெலியின் ஐந்து பற்கள் விடும் விண்மீன் வடிவக் கீறல்களுக்கு ரிச்சர்ட் பிராம்லி பெயரிட்டிருந்தார். ஒரே ஓட்டில் ஐந்துகதிர்க் கீறலும் இணைகோட்டுக் கீறலும் இருந்தால், அங்கே மேய்ந்தவை இருவகை உயிர்கள் என்று இப்போது படித்துச் சொல்ல இயலும்.

ஃபோக்ட்டின் கண்டுபிடிப்பில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது எழுதப்பட்ட பரப்பை. அது பாறையன்று, இறந்த உயிரின் ஓடு. சுண்ணப்பொருளாலான ஓடு அரநாவின் கீறலை ஏற்கும் அளவுக்கு மென்மையானது. புதைந்தபின் அதைக் காக்கும் அளவுக்கு வலியது. மேலும் அது கடலடியில் கிடப்பது. விரைவில் சேறு வந்து மூடுவது. மேய்தடம் நிலைபெற வேண்டுமாயின் அதுவே இறுதித் தடமாக இருத்தல் வேண்டும். மறுநாளும் அங்கே மேய்ச்சல் நடந்தால் நேற்றைய எழுத்தை இன்றைய எழுத்து அழித்துவிடும். புதைவுதான் அந்தக் கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது.

சிறிய உயிரின் தடத்தைப் பெரிய உயிரின் பெயரில் எழுதிவைக்கும் இயல்பு மாந்தரிடம் உண்டு. இதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த அம்மோனைட் ஓடொன்றில் வட்டமான பல துளைகள் இருந்தன. மோசசார் என்னும் பெருங்கடற்பல்லி அதைப் பலமுறை கடித்ததால் ஏற்பட்டவை அவை என்று 1960இல் காஃப்மனும் கெஸ்லிங்கும் விளக்கினர். அக்காட்சி நூல்களிலும் காட்சியகங்களிலும் புகழ்பெற்றது. 1998இல் டொமொக்கி காசே, சைலாக்கர் முதலியோர் அக்கருத்தை மறுத்து, அத்தகைய துளைகள் லிம்ப்பெட் நத்தைகள் ஓட்டின்மேல் அமர்ந்து அரித்த இருப்பிடக் குழிகள் என்று வாதிட்டனர். எல்லாத் துளைகளையும் அவ்வாறு கொள்ளலாகாது, கடித்தடங்களும் உள என்று பின்னர் வேறு சிலர் மறுமொழி கூறினர். விவாதத்தின் முடிவு எதுவாயினும், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வரை பல்லியின் பெயரே சொல்லப்பட்டது, நத்தையின் வாதம் எழவேயில்லை என்பது எண்ணத்தக்கது. அரசர்தம் போர்களை மட்டும் எழுதிய வரலாற்று நூல்களை நாமும் அறிவோமல்லவா?

பல்லில்லாப் படிவத்தின் பற்கள்

மேய்தடங்களின் வரலாற்றில் மிகப் பழைய பக்கம் எடியாக்கரன் காலத்தைச் சேர்ந்தது. தென் ஆஸ்திரேலியாவின் எடியாக்கரா மலைப்பகுதியில் கிடைத்த நீள்வட்டப் படிவமொன்றை 1966இல் மார்ட்டின் கிளெஸ்னரும் மேரி வேடும் சொறிமீன் எனக் கருதி வகைப்படுத்தினர். கிம்பெரெல்லா என்ற பெயர் பின்னர் அதற்கு அமைந்தது. ரஷ்யாவின் வெண்கடற் கரையில் அதே உயிரின் பல படிவங்கள் நல்ல நிலையில் கிடைத்தபின், மிகைல் ஃபெடோன்கினும் பெஞ்சமின் வாகனரும் 1997இல் ஒரு புதிய கருத்தை முன்வைத்தனர். அது சொறிமீன் அன்று, நத்தையினத்தின் உறவினை ஒத்த, இருபுறச் சமச்சீருடைய, ஊர்ந்து வாழ்ந்த விலங்கு என்றனர். அந்த வெண்கடற் படிவங்களின் காலம் ஏறத்தாழ 55.5 கோடி ஆண்டுகள்.

அவ்விலங்கின் படிவங்களில் பற்கள் எஞ்சவில்லை. ஆனால் அப்படிவங்களுக்கு அருகே விசிறி வடிவில் விரிந்த கீறல் தொகுதிகள் கிடைத்தன. கிம்பெரிக்னஸ் என்று 2013இல் ஆந்திரேய் இவான்ட்சோவ் பெயரிட்ட தடங்கள் அவை. விலங்கு ஓரிடத்தில் நிலைத்து நின்று, நீண்ட தலைப்பகுதியை நீட்டிக் கடலடியின் நுண்ணுயிர்ப் படலத்தைத் தன்னை நோக்கி வாரியிழுத்திருக்கிறது. அவ்வாறு வாரியவை விசிறியாக அமைந்தன. உடல் சொல்லாத செய்தியைத் தடம் சொல்லிற்று: பல்போன்ற கருவி இருந்தது, மேய்ச்சல் நடந்தது. அது இன்றைய அரநாவின் மூதாதையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் சொறிமீன் என்ற பழைய அடையாளத்தைக் கைவிட வைத்த சான்றுகளுள் இக்கீறல்களுக்குச் சிறப்பிடம் உண்டு.

இத்தடங்கள் ஏன் எஞ்சின? அக்காலக் கடலடி நுண்ணுயிர்ப் படலத்தால் போர்த்தப்பட்டிருந்தது. படலத்தின்மேல் மணல் வந்து விழுந்து மூடியபோது, அதன் மேற்பரப்பு அச்செடுத்தாற்போல் மணற்கல்லின் அடியில் பதிந்தது. மெல்லிய பரப்பில் எழுதிய எழுத்தும், படியெடுப்பவர் உரிய காலத்தில் வந்தால் நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

ஆறு ஏன் மறக்கிறது?

இனி ஆற்றுக்குத் திரும்புவோம். மேற்கூறியவற்றிலிருந்து ஒரு தடம் நிலைக்க மூன்று வேண்டும் என்பது புலனாகும்: கீறலை ஏற்கும் பரப்பு, கீறியபின் அமைதி, உரிய காலத்தில் மூடும் படிவு. ஆற்றுப்பாறையில் இம்மூன்றும் அரிது. பரப்பு கருங்கல்லோ மணற்கல்லோ ஆயின் கைட்டின் பல் அதைக் கீறுவதில்லை. பாசிப்படலத்தில் விழுந்த கோட்டைச் சில நாட்களிலோ வாரங்களிலோ புதுப்பாசி படர்ந்து மறைத்துவிடும். வெள்ளம் வந்தால் கற்கள் உருண்டு ஒன்றையொன்று தேய்த்துப் பழைய முகத்தை அழித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாறை வெளித்தெரியும் ஆற்றுப்பகுதி படிவு சேரும் இடமன்று. அரிப்பு நிகழும் இடம். அங்கே நிலம் குறைந்துகொண்டே போகிறது. மலைப்பகுதி ஓடை தன் ஏட்டைத் தானே கிழித்துக்கொண்டு ஓடுகிறது எனலாம். ஆடிப்பெருக்கில் ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கத்தால் நம் மொழி எவ்வளவோ இழந்தது. ஆறு அப்போதும் தன் இயல்பையே செய்தது.

ஆனால் எழுத்து அழிந்தது என்பதால் செயல் சிறிது என்று கருதலாகாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வாக்கர் பிராஞ்ச் என்றொரு சிற்றோடை உண்டு. அங்கே எலிமியா நத்தைகளை வைத்து ரோஸ்மண்ட், மல்ஹாலண்ட், எல்வுட் ஆகியோர் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. ஓடையின் பாசியளவை நீரிலுள்ள சத்துப்பொருள்களும் நத்தைகளின் மேய்ச்சலும் சேர்ந்தே கட்டுப்படுத்துகின்றன என்று அது காட்டியது. ஓர் ஓடை பச்சையாக இருப்பதும் வெறுங்கல்லாக இருப்பதும் நத்தையின் நாவையும் பொறுத்தது.

பாலைநிலத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. இஸ்ரேலின் நெகேவ் பாலையில் யூகோண்ட்ரஸ் என்னும் இரு சிறு நத்தையினங்கள் வாழ்கின்றன. சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்புக்குள்ளேயே வளரும் கற்பாசியை உண்பதற்காக அவை பாறையையே சுரண்டி விழுங்குகின்றன. அவ்வாறு ஆண்டொன்றுக்கு ஒரு ஹெக்டேரில் 0.7 முதல் 1.1 மெட்ரிக் டன் வரை பாறை மண்ணாகிறது என்று ஷாக்காக், ஜோன்ஸ், கிரனோட் ஆகிய மூவரும் 1987இல் கணக்கிட்டனர். பாலையின் மண்ணையே ஆக்கித்தரும் இப்பணியில் தனிக்கோடு ஒவ்வொன்றும் அடுத்த கோட்டால் அழிகிறது. எஞ்சுவது எழுத்தன்று, எழுத்துக்களால் தேய்ந்த ஏடு.

வளரும் கல்

ஆற்றின் மறதிக்கு விலக்கு உண்டா? உண்டு. கல்லே வளரும் ஆறுகளில் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் பாசிகளும் நுண்ணுயிர்களும் வாழும்போது, அவற்றின்மேலும் இடையிலும் சுண்ணம் படிந்து கல்லாகிக்கொண்டே வருகிறது. குரோவேஷியாவின் பிளிட்விட்சே ஏரித்தொகுதியில் அருவிகளைத் தாங்கும் அணைகள் இவ்வாறு வளர்ந்தவையே. மெக்சிகோவின் கோவாகுயிலா மாநிலத்தில் குவாத்ரோ சியெனெகாஸ் என்னும் பாலைப் பள்ளத்தாக்கில் ஊற்றுநீரால் ஓடும் ரியோ மெஸ்கித்தெஸ் ஆற்றில் ஸ்ட்ரோமட்டோலைட் எனப்படும் நுண்ணுயிர்க் கற்கள் இன்றும் உள்ளன. அவ்விடத்துக்கே உரிய மெக்சித்தௌமா நத்தைகள் அவற்றின்மேல் மேய்கின்றன. பாஸ்பரஸ் மிக அரிதான அந்நீரில் நத்தைக்கும் கல்லுக்கும் உள்ள உறவை ஜேம்ஸ் எல்சர் குழுவினர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர்.

இவ்வுறவின் பின்னே ஒரு நெடுங்கதை இருக்கிறது. கேம்பிரியன் காலத்துக்கு முன் உலகக் கடற்கரைகளில் பரவிக்கிடந்த ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் பின்னர் அருகிப்போனதற்கு, மேயும் விலங்குகளும் துளைக்கும் விலங்குகளும் தோன்றியதே காரணம் என்று 1970இல் பீட்டர் கேரட் எழுதினார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் அவை இன்றும் செழித்திருப்பதற்கு, மேயும் உயிர்களால் தாங்கமுடியாத அளவுக்கு அங்குள்ள நீர் உப்பாக இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆக, நத்தையின் நா சில கீறல்களை எழுதியதோடு நிற்கவில்லை. உலகின் மிகப்பழைய கல்லேடுகள் குறைந்ததிலும் அதற்குப் பங்குண்டு. எழுதிய கையே ஏட்டையும் தின்றது.

வளரும் கல்லின்மேல் விழும் மேய்தடத்துக்கு வெறும் ஆற்றுப்பாறையில் கிட்டாத ஒரு வாய்ப்புக் கிட்டுகிறது. அடுத்த சுண்ணப்படிவு விரைந்து வந்தால் கீறல் உள்ளே அகப்பட்டு நிலைபெறலாம். நத்தை விரைந்து வந்தால் அழியலாம். மேய்ச்சலுக்கும் படிவுக்கும் நடக்கும் இப்போட்டியே ஆற்று மேய்தடத்தின் புதைபடிவ வாய்ப்பை முடிவு செய்கிறது. ஆனால் குவாத்ரோ சியெனெகாஸில் இப்போது மூன்றாவது போட்டியாளர் நுழைந்துள்ளார். 1994இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட பின்னும், வேளாண்மைக்காகக் கால்வாய்கள்வழி நீர் வெளியேற்றப்பட்டதால் அப்பள்ளத்தாக்கின் சுரின்சே நீர்நிலைத் தொகுதி பெரிதும் வற்றிப்போயிற்று. நீர் வற்றினால் கல்லும் வளராது, நத்தையும் மேயாது.

மௌனத்தைப் படித்தல்

நாக்பூருக்கு அருகே, தக்காண எரிமலைப் படிவுகளின் இடையே அகப்பட்ட பழைய ஏரிப்படிவுகளில் நன்னீர் நத்தையோடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நாக்பூரில் வாழ்ந்த ஸ்டீபன் ஹிஸ்லப் 1860இல் அவற்றை விரிவாக எழுதினார். எரிமலைக் குழம்பு பாய்ந்த இரு காலங்களுக்கு இடையே நீர் தேங்கி, பாசி படர்ந்து, நத்தைகள் மேய்ந்து வாழ்ந்தன என்பதை ஓடுகளால் அறிகிறோம். மேய்ச்சலை நம் கண்முன் நிறுத்துவது ஓடே, கோடு அன்று. ஒரு செயலின் தடம் எஞ்சாத இடத்திலும் வேறொன்று அதற்காகச் சாட்சி சொல்லக்கூடும்.

தடம் கிடைக்கவில்லையாதலின் உயிர் இல்லை என்று சொல்வது எளிது. ஆனால் மேற்கண்ட வரலாறு நமக்கு உணர்த்துவது வேறு. எஞ்சியவற்றின் பட்டியல், வாழ்ந்தவற்றின் பட்டியல் அன்று; எழுதுவதற்கு வாய்த்த பரப்புகளின் பட்டியல். கடலடியில் கிடந்த ஓர் ஓட்டின்மேல் ஒருமுறை மேய்ந்த நத்தைக்கு ஏழு கோடி ஆண்டு வாழ்வு கிட்டியது. ஆறுகளில் தலைமுறை தலைமுறையாய் மேய்ந்தவற்றுக்கு அடுத்த வெள்ளம்வரைதான். இது உழைப்பின் வேறுபாடு அன்று, இடத்தின் வேறுபாடு. சங்கநூல்கள் சிலவே நமக்குக் கிடைத்தன என்பதால் அக்காலப் புலவர் சிலரே என்று எவரும் சொல்லார். உரைகளில் பெயர் மட்டும் எஞ்சிய நூல்கள் எத்தனை! பெயரும் எஞ்சாதவை எத்தனை! அவற்றின்பால் காட்டும் அடக்கத்தை ஆற்றின் மௌனத்தின்பாலும் காட்டுவது தகும்.

நம் வாயிலிலேயே இதற்கொரு பொறுப்பும் இருக்கிறது. ஃபோக்ட் படித்த ஓடுகளின் காலத்தை, மாஸ்ட்ரிக்டியன் காலத்தை, ஒத்த கடற்படிவு அரியலூர் வட்டாரத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். தென்னிந்தியக் கிரெட்டேசிய நத்தையினங்களைப் பற்றிய பெருநூலை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களின் இறுதியில் எழுதியதற்கு அடிப்படையானவை திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதிகளின் படிவுகளே. அக்கல்லங்குறிச்சிப் படிவு இன்று சிமென்ட் தொழிலுக்காக வெட்டியெடுக்கப்படுகிறது. அங்கே கிடக்கும் தடித்த சிப்பியோடு ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கக்கூடிய ஓர் ஏடு. ஓட்டின் இனத்தை அறிய அதன் வடிவம் போதும். அதன்மேல் யார் மேய்ந்தார் என்பதை அறிய அதன் மேற்பரப்பு வேண்டும். பளபளப்பாகத் தேய்த்துக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் முன்னது எஞ்சும், பின்னது போய்விடும். அரைத்துச் சிமென்ட் ஆக்கினால் இரண்டும் போகும்.

தொழில் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. வெட்டும் முன் சில ஓடுகளையேனும் கழுவாமல், தேய்க்காமல், கிடைத்த இடமும் அடுக்கும் குறித்து எடுத்துவைக்க ஒரு கல்லூரித் துறையும் சில மாணவரும் போதும் என்பதே கருத்து. சாய்வாக விழும் வெளிச்சத்தில், ஒரு கைக்கண்ணாடியின் துணையோடு, அவ்வோட்டின் மேற்பரப்பைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். ஏட்டுச்சுவடியின் மங்கிய கீறலில் மை தடவி எழுத்தை எழுப்பிப் படித்த மரபினர்க்கு அப்பழக்கம் கைவருவது அரிதன்று.